பாண்டிச்சேரியைச் சுற்றி ஒரு வரிவேலி: 1949 கதையும் 2025இன் 50 சதவிகிதமும்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகப் பாண்டிக்கு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழகியிருக்கும். கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி ஆரம்பிக்கும். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டுவீர்கள். "ஊர் வந்துடுச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் பொம்மையார்பாளையம் வந்துவிடும். அது தமிழ்நாடு. கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடுதான். முத்தியால்பேட்டையில் மறுபடியும் புதுச்சேரி. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மாற்றம் தெரிவது பெட்ரோல் பங்க் விலைப் பலகையிலும் மதுக்கடைகளின் நெருக்கத்திலும்தான்.

இப்போது இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த எல்லைகளில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, "என்ன கொண்டு போறீங்க, ரசீது எங்கே, வரி கட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்கிறார். ஃபாஸ்டேக்கில் காசு பிடிக்கிற டோல்கேட் இல்லை. விமான நிலையத்தில் இருக்கிறதே, அந்த கஸ்டம்ஸ். 1949 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து ஐந்தரை ஆண்டுகள் பாண்டிச்சேரியைச் சுற்றி அப்படி ஒரு சுங்க வேலி இருந்தது. போட்டது பிரான்ஸ் அல்ல, சுதந்திர இந்தியா.

அந்தப் பழைய கதையை இப்போது எடுக்கக் காரணம் இருக்கிறது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 2025இல் விதித்த கூடுதல் வரி ஆகஸ்ட் 7 முதல் 25 சதவிகிதமாகவும், ஆகஸ்ட் 27 முதல் 50 சதவிகிதமாகவும் இருந்தது. இரண்டாவது 25க்கு டிரம்ப் அரசு சொன்ன காரணம், இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறது என்பது. அன்றிலிருந்து நாடாளுமன்ற வளாகம் முதல் நேரு வீதி டீக்கடை வரை ஒரே சண்டை.

"விடுங்கண்ணே, அவன் வாங்கலைன்னா வேற நாட்டுக்காரன் வாங்கிட்டுப் போறான். நம்ம பொருளை நாமளே வாங்குவோம்."

"இதையே திருப்பூர்ல போய்ச் சொல்லிப் பாரு தம்பி, உட்கார வெச்சு சோறு போடுவாங்க."

பேச்சு இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் ஓடியது. இதே பகுதியில் அலசப்பட்ட ஜிஎஸ்டி மாற்றங்கள் (2025 செப்டம்பர் 22 முதல் அமலாயின) உள்நாட்டு வரி. இது எல்லையில் நிற்கிற வரி. இரண்டும் வேறு வேறு பிராணிகள். எல்லையில் நிற்கிற வரியைத் தன் உடம்பிலேயே அனுபவித்த ஊர், இந்தியாவில் பாண்டியைப் போல இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

வேலி போட்ட கதை

புதுச்சேரி வரைபடத்தை ஒருமுறை கூகுளில் பாருங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் விட்டுவிடுங்கள். புதுச்சேரிப் பகுதி மட்டுமே சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அதுவும் ஒரே துண்டாக இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். ஒருவருடைய வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். பொண்ணு கொடுத்தது இங்கே, எடுத்தது அங்கே.

இப்படிப்பட்ட இடத்தில் சுங்க எல்லை வைப்பது யாருக்கும் லாபமில்லை என்பது வெள்ளைக்காரர்களுக்கே தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941இல், பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் ஒரு சுங்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. துறைமுகத்தில் இறங்கும் பொருளுக்கு பிரிட்டிஷ் இந்திய விகிதப்படி வரி, பிரெஞ்சு நிர்வாகத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை, தரையில் சோதனை கிடையாது. ஊர் மூச்சு விட்டது.

1947 வந்தது. வெள்ளைக்காரன் போனான், பிரெஞ்சுக்காரன் போகவில்லை. மக்கள் விருப்பத்தை வாக்கெடுப்பில் கேட்டு முடிவு செய்யலாம் என்று 1948 ஜூனில் டெல்லியும் பாரிஸும் ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் 1949 ஜூனில் வாக்களித்துப் பெருவாரியாக இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது. பாண்டியில் வாக்கெடுப்பு இழுத்துக்கொண்டே போனது. அதற்கு முன்பே, 1949 மார்ச் 31உடன் காலாவதியான சுங்க ஒப்பந்தத்தை இந்தியா நீட்டிக்கவில்லை. மறுநாளிலிருந்து பாண்டி, இந்தியாவைப் பொறுத்தவரை சுங்க வரிக்கு வெளிநாடு.

வரி என்றால் கஜானாவை நிரப்ப என்றுதான் நினைக்கிறோம். இது அப்படியில்லை. துண்டுதுண்டாகச் சிதறிய ஒரு சின்னப் பகுதியில் சுங்கம் வசூலித்து டெல்லி பணக்காரன் ஆகப்போவதில்லை. வழிக்குக் கொண்டுவருவதற்கான வரி அது. 2025இன் இரண்டாவது 25 சதவிகிதமும் அதே வகைதான். என்ன, அன்று பிரம்பு டெல்லியின் கையில் இருந்தது. 1949இல் எதிரில் இருந்தது ஒரு காலனி ஆட்சி, அதை அகற்றும் நியாயம் இந்தியாவிடம் இருந்தது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால், வரியை ஆயுதமாக எடுத்தால் அது யார்மேல் விழும் என்பதை, நியாயம் எந்தப் பக்கம் என்பது தீர்மானிப்பதில்லை.

பாண்டியில் அது எப்படி விழுந்தது?

முதலில் ஆலைகள். முதலியார்பேட்டையில் 1898இல் தொடங்கிய ரோடியர் மில் (பிறகு ஏஎஃப்டி), சவானா மில் (பிறகு சுதேசி), கெப்ளே மில் (பிறகு பாரதி). ஊரின் பாதி அடுப்பு இந்தச் சங்கொலியை நம்பித்தான் எரிந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடி, 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்களைப் பறிகொடுத்த ஊர் இது. பஞ்சு விளைவது வேலிக்கு அந்தப் பக்கம், நெய்வது இந்தப் பக்கம். துணியை மறுபடி அந்தப் பக்கம் விற்றால் வெளிநாட்டுத் துணிக்கான வரி. ஒரு காலத்தில் பாண்டியின் நீலத் துணி செனகல் வரை கப்பலேறிப் போய் அங்கே கருவேலம் பிசினுக்கு ஈடாக மாறியது. அந்தத் தூரத்துச் சந்தையை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அந்தக் காலமும் மலையேறிவிட்டது.

இரண்டாவது, அரிசியும் காய்கறியும். கிராமத்துக்காரர் தன் வயல் நெல்லைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

மூன்றாவதாக நடந்ததுதான் வேடிக்கை. வேலி போட்ட டெல்லி இதை எதிர்பார்த்திருக்காது. பதிலுக்கு பிரெஞ்சு நிர்வாகம் இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட, பாண்டி ஏறக்குறைய வரியில்லாத் துறைமுகம் ஆனது. அதே சமயம் இந்தியாவில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. எதை இறக்குமதி செய்யவும் லைசென்ஸ். தங்கத்துக்குக் கடும் கட்டுப்பாடு. சென்னை மாகாணத்தில் 1948 அக்டோபர் 2 முதல் முழு மதுவிலக்கு வேறு. (அதைக் கொண்டுவந்த பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர், பாண்டிக்கு அதிக தூரமில்லாத திண்டிவனம் பக்கம்தான்.) வேலிக்கு ஒரு பக்கம் தங்கம், வைரம், வாட்ச், பிராந்தி எல்லாம் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் எதுவும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எகிறும். நடுவில் ஒரு வரப்பு. பிறகு என்ன நடக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

கடத்தல் ஒரு தொழிலானது. இறக்குமதி அனுமதி வாங்கத் தெரிந்தவர்கள் வீடு மேல் வீடு கட்டினார்கள். அரசியல் பிரமுகர்கள்மேலேயே குற்றச்சாட்டுகள் எழுந்தன. பிரெஞ்சு ஆட்சி நீடிப்பதில் லாபம் பார்க்கும் ஒரு கூட்டத்தை, அந்த ஆட்சியை அகற்றப் போட்ட வேலியே வளர்த்துவிட்டது. மில் வாசலில் நின்றவனுக்கு வேலி சுவர். மூட்டை தூக்கியவனுக்கு அதுவே ஏணி.

அதனால் ஊருக்குள்ளும் பிளவு. வ. சுப்பையா தலைமையிலான கம்யூனிஸ்டுகளும் காங்கிரஸ்காரர்களும் இணைப்பு கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள், அரசு ஊழியர்கள், இறக்குமதி வணிகர்கள் ஆகியோரில் பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைத் தேசத் துரோகம் என்று இன்று ஒரு வரியில் எழுதிவிடலாம். மாதா மாதம் பென்ஷன் வந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்றிருந்தவரிடம் அது செல்லுபடியாகாது.

முடிவு எப்படி வந்தது? 1954 மார்ச் கடைசியில், அதுவரை பிரெஞ்சு ஆதரவுத் தூணாக இருந்த எதுவார் குபேர் அணி மாறி நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசை அறிவித்தார். அதன்பின் இந்தியா கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியது. மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூனில் பாரிஸில் பிரதமரான மெந்தேஸ் பிரான்ஸ் பேச்சுக்குத் தயாரானார். அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று பாண்டி இந்தியாவின் கைக்கு வந்தது, வேலியும் போனது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது தனிக்கதை. இந்த வரிசையில் சுங்க வேலிக்கு ஒரு பங்கு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அது மட்டும் ஐந்து ஆண்டுகள் நின்று எதையும் சாதிக்கவில்லை. அரசியல் நகர்ந்த பிறகுதான் காரியம் நடந்தது.

கடற்கரைச் சாலைக்கு இன்று குபேர் பெயர்தான். அதே சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் பழைய சுங்கக் கட்டடமும் நிற்கிறது. செல்ஃபி எடுப்பவர்களுக்கு நல்ல வெள்ளைப் பின்னணி.

யார் கட்டுகிறார்கள்?

2025 விஷயத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் பாதிக்குமேல் தவறாக இருக்கும் ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடலாம். "இந்தியா அமெரிக்காவுக்கு 50 சதவிகிதம் வரி கட்ட வேண்டும்" என்பது சரியில்லை. வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அமெரிக்கத் துறைமுகத்தில், அமெரிக்க அரசுக்கு.

அப்படியானால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஒரு கணக்கு. திருப்பூரில் 500 ரூபாய் மதிப்புள்ள ஒரு பனியன் சட்டை. ஏற்கெனவே உள்ள பழைய வரி எல்லா நாட்டுக்கும் பொது என்பதால் அதை விட்டுவிடலாம். புதிதாகச் சேர்ந்த 50 சதவிகிதம் 250 ரூபாய். அதே சட்டை வங்கதேசத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ போனால் அப்போது கூடுதல் வரி 20 சதவிகிதம், அதாவது 100 ரூபாய். 150 ரூபாய் வித்தியாசம். அமெரிக்கக் கடைக்காரர் போன் செய்து என்ன சொல்வார்? "விலையைக் குறை, இல்லையென்றால் டாக்காவில் பார்த்துக்கொள்கிறேன்." 500 ரூபாய்ச் சட்டையில் 150 ரூபாயைக் குறைக்க ஏற்றுமதியாளரிடம் அவ்வளவு லாபம் கிடையாது. ஆகவே அவர் சாயப்பட்டறையிடம் பேசுவார், பட்டறைக்காரர் கூலியிடம் பேசுவார். கூலி யாரிடமும் பேச முடியாது.

இங்குதான் பொருளாதாரம் தெரிந்தவர்களே இரண்டு அணியாக நிற்கிறார்கள்.

ஓர் அணி நாட்டின் மொத்தக் கணக்கைக் காட்டுகிறது. 2024-25இல் இந்தியா அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த சரக்கு சுமார் 86.5 பில்லியன் டாலர். மொத்தப் பொருளாதாரத்தில் அது 2 சதவிகிதம் சுமார். மருந்து, ஸ்மார்ட்போன் போன்றவற்றுக்கு இந்தக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜிடிபி 7.8 சதவிகிதம் வளர்ந்தது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி. அனந்த நாகேஸ்வரன் இந்த வரியால் வளர்ச்சி அரை சதவிகிதம் அல்லது 0.6 சதவிகிதம் குறையலாம் என்று மதிப்பிட்டார். தாங்கிக்கொள்ளக் கூடியதுதான், இதையே காரணமாக வைத்துச் சுதேசிக்குத் திரும்புவோம் என்பது இந்த அணியின் வாதம். பிரதமர் மோடியும் உள்நாட்டுப் பொருள்களையே வாங்கும்படி 2025 ஆகஸ்டிலிருந்து மேடைக்கு மேடை சொல்லிவந்தார்.

இன்னோர் அணி, மொத்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள் என்கிறது. அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலின் 2025 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன எண்கள்: நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குப் போவது 20 சதவிகிதம், தமிழ்நாட்டிலிருந்து மட்டும் பார்த்தால் 31 சதவிகிதம். ஜவுளித் துறையை நம்பி மாநிலத்தில் 75 லட்சம் பேர் இருக்கிறார்கள், 30 லட்சம் வேலைகளுக்கு உடனடி ஆபத்து. ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் ரகுராம் ராஜன், வர்த்தகம் ஆயுதமாக்கப்பட்டுவிட்டது, ஒரே நாட்டை அதிகம் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை என்று பேசியிருக்கிறார்.

இரண்டு அணியும் சரியான எண்களைத்தான் சொல்கின்றன. ஆனால், அரை சதவிகிதம் என்ற சராசரி யாருடைய வீட்டுக்கும் போய்ச் சேராது. ஒரு வீட்டுக்கு ஒன்றுமே ஆகாது, இன்னொரு வீட்டில் முழுச் சம்பளமும் போகும். 1949இலும் "இந்தியாவின் பொருளாதாரத்துக்கு பாண்டி எம்மாத்திரம்?" என்று கேட்டிருந்தால் பதில் சரியாகவே இருந்திருக்கும். முதலியார்பேட்டையில் அதைக் கேட்டிருக்க முடியாது.

இந்தச் சண்டை நமக்குப் புதிதும் இல்லை. சுங்கத்தை நீக்கியதற்காகவே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கியவர் முதலாம் குலோத்துங்கன். வரி ஏற்றி அப்படிப் புகழ் வாங்கிய ராஜா யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் லங்காஷயர் துணிக்குப் போட்டி வரக் கூடாது என்பதற்காக இந்திய மில் துணிக்கே 3.5 சதவிகித உள்நாட்டுத் தீர்வை 1896இல் வந்தது. ஒழிய ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின.

அதைவிட நெருக்கமான உதாரணம் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகள் ஒன்றுக்கொன்று வரிச் சலுகை கொடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அங்கே உருவானது. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடக்கும்போது இருக்கிற சந்தையையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது ஆதரித்தவர்களின் கணக்கு. பிரிட்டிஷ் சரக்குக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பது தேசியவாதிகளின் கோபம். மத்திய சட்டசபையின் தலைவராகவே இருந்த சண்முகம் செட்டியார் 1934 தேர்தலில் காங்கிரஸின் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். ஒட்டாவாவை ஆதரித்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 13 ஆண்டுகள் கழித்து அதே மனிதரைத்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக உட்கார வைத்தார்கள். தேர்தலில் தோற்கடிக்கக் கூடிய அளவுக்கு இறக்குமதி வரி ஒரு காலத்தில் மேடைப் பேச்சாக இருந்தது என்பதை நினைத்தால், இப்போது டீக்கடையில் பேசுவது குறைவுதான்.

பஞ்சு மூட்டையின் இரண்டு பக்கம்

இந்த முறை சண்டையின் சுவாரசியமான பகுதி அமெரிக்காவில் இல்லை. நம் பருத்திக் காட்டில் இருக்கிறது.

வெளிநாட்டுப் பஞ்சுக்கு இந்தியா 2021 முதல் 11 சதவிகித இறக்குமதி வரி போட்டு வந்தது. அதை நீக்குங்கள் என்று கோவையின் தென்னிந்திய மில்கள் சங்கமான 'சைமா' உள்ளிட்ட ஜவுளித் துறையினர் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் சிறு பங்குதான் இங்கே விளைகிறது. மிச்சம் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கப்பலில் வர வேண்டும். அமெரிக்க வரி விழுந்ததும் ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை அந்த 11 சதவிகிதத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. பத்தே நாளில், டிசம்பர் 31 வரை நீட்டித்தது. மில் பக்கம் வரவேற்பு.

வயல் பக்கம்? சம்யுக்த கிசான் மோர்ச்சா உள்ளிட்ட விவசாய அமைப்புகள் போராட்டம் அறிவித்தன. அவர்கள் கேட்டது எளிமையானது. புதுப் பருத்தி சந்தைக்கு வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதானே வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் இறங்கப்போகிறது? மலிவுப் பஞ்சு வந்து குவிந்தால், அறுவடை மூட்டையோடு நிற்கும் விவசாயியிடம் வியாபாரி என்ன விலை கேட்பார்?

அரசின் பதில், குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறதே என்பது. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டால் 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110 ரூபாய். சந்தை விலை அதற்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகம் வாங்கிக்கொள்ளும். காகிதத்தில் பிரச்னையே இல்லை. ஆனால் கழகத்தின் கொள்முதல் மையம் ஊருக்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, ஈரப்பதம் கூடுதல் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினால் வண்டி வாடகை யார் தருவார் என்பதெல்லாம் ஆதரவு விலை அறிவிப்பில் எழுதியிருக்காது. அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் மையம் வரை போகாமல் வாசலுக்கு வந்த வியாபாரிக்கே விற்றுவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இங்கே யார் பக்கம் நியாயம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டுமானால் சிரமம். பஞ்சு விலை இறங்காவிட்டால் திருப்பூர் டாக்காவோடு மோத முடியாது. இறங்கினால் விவசாயி மோத முடியாது. வாஷிங்டனில் போட்ட வரியின் சுமையை மில்லிலிருந்து வயலுக்கு இறக்கிவைத்திருக்கிறார்கள் என்ற விவசாயிகளின் வாதத்தில் உண்மை இருக்கிறது. வரியை நிறுத்தியதில் தவறில்லை. ஆனால் அறுவடை மாதங்களில் நிறுத்துவதென்றால், கொள்முதல் மையங்களை அதற்கு முன்பே கூட்டியிருக்க வேண்டாமா?

பாண்டிக்கு இதில் என்ன?

குறைவாகத்தான், அதுவும் சந்தோஷப்படும்படியான காரணத்தால் அல்ல. அமெரிக்க வரியால் மூடப்பட ஊரில் பெரிய பஞ்சாலை இப்போது இல்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஏஎஃப்டி மில்லை ஒரு புரட்டு புரட்டியது. அதற்கு முன்பே நஷ்டம். 2020 ஏப்ரல் 30உடன் அது அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களின் கதையும் வேறல்ல. மில் மைதானத்தில் இப்போது பொருட்காட்சி நடக்கும், ராட்டினம் சுற்றும்.

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளின் மருந்து நிறுவனங்களுக்கு 2025இல் 'இப்போதைக்கு' விலக்கு இருந்தது. 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தோல் பைகளும் தோல் ஆடைகளும் செய்யும் யூனிட்டுகளுக்கு விலக்கு இருக்கவில்லை. ஏனாமைச் சுற்றியுள்ள கோதாவரி டெல்டா, இறால் குட்டைகளின் பூமி. நாட்டின் கடல் உணவு ஏற்றுமதி 2024-25இல் 62,408 கோடி ரூபாய். அதை வாங்குவதில் முதலிடம் அமெரிக்காவுக்கு. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி முதலியவற்றையும் சேர்த்தால் மொத்தம் அப்போது 58 சதவிகிதத்தைத் தாண்டியது. நூல் நூற்பவரும் இறால் வளர்ப்பவரும் ஒரே வரிக்கு மாட்டுவார்கள் என்று யார் நினைத்தார்கள்? இறால் குட்டையை மூடிவைத்துவிட்டுப் பேச்சுவார்த்தை முடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. தீவனம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

காரைக்காலில் கோடைப் பருத்தி போட்டவர்கள் அதற்குள் பெரும்பாலும் விற்று முடித்திருந்தார்கள். அவர்களுக்கு அடி விழுந்தால் அது அடுத்த கோடையில்தான் தெரிய இருந்தது, அதுவும் விதைக்கலாமா வேண்டாமா என்ற யோசனையாக.

அமெரிக்காவிலேயே இந்த வரி ஒருமனதான விஷயமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம், பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு கம்பெனி என்று அந்த ஊர்ச் சிறு வணிகர்கள் வழக்குப் போட்டார்கள். அவசரநிலைச் சட்டத்தை வைத்து இப்படி வரி போட அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 29 அன்று ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் அப்போது வரி தொடர்ந்தது. உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் விசாரித்தது. இந்தப் பக்கம், 2025 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கப் பேச்சுவார்த்தைக் குழு டெல்லிக்கு வந்து பேசிவிட்டுப் போனது.

இதற்கிடையே பருத்தி போட்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். ஆதரவு விலையில் விற்க விரும்புபவர்களுக்காக இந்தியப் பருத்திக் கழகம் 2025இல் 'கபாஸ் கிசான்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஆதார் எண்ணும் நில ஆவணமும் கையில் வேண்டும். 2025-26 பருவத்தின் பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30 என்று முதலில் அறிவிக்கப்பட்டிருந்தது. வீட்டில் பெரியவர்களிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால், இதைப் படிக்கிற பிள்ளைகள் பத்து நிமிடம் ஒதுக்கிப் பதிவு செய்து கொடுத்துவிடலாம்.